முடுக்குமலையிலிருந்து சுருங்கி இறங்கியவர்கள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகித்துக்கொண்டுதான் இருந்தேன். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பாத ஒன்றை ஒருவன் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஏதோ ஓர் இடத்தில் மனம் இடறும். எந்த இடம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து, இருவரும் கை கழுவி, அவரவர் மேசைக்குத் திரும்பியிருப்போம்.

சொன்னவர் செபஸ்தி. பொள்ளாச்சியில் நான் பிழை திருத்தும் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறவர். அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில், ஒரு சிறிய சிலுவைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பென் டிரைவ் ஒன்று தொங்கும். அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. அச்சகத்தில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான். அவர் மட்டும் வீட்டிலிருந்து ஒரு மர முக்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். முதுகுவலி என்றார். முக்காலியில் உட்கார்ந்தால் முதுகுவலி போகுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் ஊர் முடுக்குமலை. மேலே, தேயிலைக்கு நடுவே. அந்த ஊருக்கு வெளியுலகம் ஒரே ஒரு கம்பி வழியாகத்தான் வந்தது. அந்தக் கம்பி காட்டுக்குள் கம்பம் கம்பமாக நடந்து, மழையில் நனைந்து, மூடுபனியில் வழி தடுமாறி, யானைகள் முதுகு சொறியும் இடங்களில் சாய்ந்து நிமிர்ந்து மேலே வந்து சேர்வதற்குள் அதில் வரும் எதுவும் களைத்துப்போயிருக்கும். பெரிய மென்பொருள் ஒன்றை டவுன்லோடு செய்ய ஆரம்பித்தால் அது ஓட்டைக் குழாயில் தண்ணீர் வருவதுபோல சொட்டுச் சொட்டாக வரும். முக்கால்வாசி வந்து, இதோ முடிந்துவிடும் என்று மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு யானை ஒரு கம்பத்தில் சாயும். மறுபடி முதல் சொட்டிலிருந்து தொடங்க வேண்டும். நர்சிங் படிக்கும் பெண்கள், எம்பிராய்டரி மெஷின் வாங்கிய தையல்காரி கித்தேரி, எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் எல்லோரும் அந்தக் கம்பியைச் சபித்துக்கொண்டு, அப்போது மலையில் செபஸ்தி வைத்திருந்த கணினிக் கடைக்கு வந்தார்கள்.

செபஸ்தி அதற்கு ஒரு வழி செய்தார். அவரோடு படித்தவர் ஒருவர் பொள்ளாச்சியில் இருந்தார். அங்கே இணையம் வேகம். செபஸ்தி தானே எழுதிய சுருக்கும் நிரலை அவருக்குக் கொடுத்திருந்தார். அவர் கீழே டவுன்லோடு செய்து, மலையில் யாருக்கும் வேண்டாத மொழிகளையும் படங்களையும் உதவிக் குறிப்புகளையும் வெட்டி எறிந்து, மிச்சத்தை அந்த நிரலில் சுருக்கி, துண்டு துண்டாக்கி மேலே அனுப்புவார். யானை சாய்ந்தால் ஒரு துண்டுதான் வீணாகும். மேலே செபஸ்தி துண்டுகளைச் சேர்த்து விரித்துக் கொடுப்பார்.

“தேயிலைக் காட்டைக் கண்ணு தெரியாதவங்களுக்குச் சொல்லணும்னா செடி செடியாவா அண்ணே சொல்லுவீங்க?” என்பார் என்னிடம். “‘செடி’ன்னு ஒரு தடவை. ‘மலை முழுக்க இதே’ன்னு ஒரு தடவை. திரும்பத் திரும்ப வர்றதை ஒரே தடவை எழுதுறது, அவ்வளவுதான் சுருக்கம்.”

மலைக்காரர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டு தாங்களே சுருக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள். கித்தேரி ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

“நீ சொன்ன மாதிரி எல்லாத்தையும் சுருக்கிட்டேன் செபஸ்தி. இன்னும் இடமில்லை இடமில்லைன்னு கத்துது.”

“சுருக்கினா இடம் வந்துருமாக்கா? சுருக்கினது புதுசா ஒண்ணு. பழசு அது இருந்த இடத்துலயேதான் கெடக்கும்.”

“அப்ப எதுக்குடா சுருக்கச் சொன்ன?”

“அனுப்புறதுக்கு. இடம் வேணும்னா பழசை அழிக்கணும். அது தானா அழியாது. நீங்கதான் அழிக்கணும்.”

“மனசு வரலையே.”

“மனசு வரலைன்னா புது மெஷின் வாங்குங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லட்டுமா?”

“அவரைச் சுருக்கித் தர்றேன், வச்சுக்கிறியா?” என்றாள் கித்தேரி. கடையின் மூலையில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செபஸ்தியின் அம்மா அருளாயி நிமிராமல் சிரித்தாள்.

இதை நான் எழுத வேண்டிய காரணம் பின்னால் தெரியும். இப்போதைக்கு அந்த மலையின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வீடு வேலையோடு சேர்ந்தது. எஸ்டேட் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் பிறந்து, அதே வீட்டில் பிள்ளை பெற்று, அதே வீட்டில் கிழவியானாலும், கொழுந்து பறிக்கும் வேலை ஓய்ந்த அன்றைக்கு வீடு எஸ்டேட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பிள்ளை ஒன்று வேலையில் சேர்ந்தால் வீடு தங்கும். பிள்ளைகள் எல்லோரும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் முறைவைத்துத் தூங்கினார்கள். ஆகவே மேலே ஓய்வுபெற்றவர்கள், வாசலில் சுண்ணாம்பு வாளியோடு வெள்ளையடிக்க வந்து நிற்பவர்களிடம், “இன்னும் ரெண்டு நாள், மகன் வந்துருவான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகன்களும், “இன்னும் கொஞ்ச நாள், இடம் பார்த்துட்டு வந்துர்றேன்” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் மண் சரிந்து சாலை அறுந்தது. அருளாயிக்கு அடுத்த வீட்டுச் சவரியம்மாள் ஓய்வுபெற்று, சாமான்களை மூட்டை கட்டி, மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். மகன் லூர்து வர வழியில்லை. அவனைத் திரையில் பார்க்கச் செபஸ்தியின் கடைக்கு வந்தாள். லூர்துவின் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நின்றது. கம்பி அவ்வளவைத்தான் தாங்கியது.

“ஏப்பா,” என்றாள் சவரியம்மாள், “இந்தக் கம்பியில என்னென்னவோ சுருக்கி ஏத்துற. என்னைச் சுருக்கி அவன்கிட்ட இறக்கிவிடேன்.”

செபஸ்தி அவளை நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் கேமராவுக்கு எதிரே உட்காரவைத்தார். நிரல் முதலில், ஒரு மனுஷியில் திரும்பத் திரும்ப வருவதைத் தேடியது. நிறையக் கிடைத்தது. குனிவது, கிள்ளுவது, தோளுக்கு மேலே கூடைக்குள் எறிவது, அட்டையைக் காலிலிருந்து பிடுங்கிப் போடுவது, அடுப்பை ஊதுவது, கதவைப் பார்ப்பது, பெருமூச்சு விடுவது எல்லாம் ஒவ்வொரு தடவையாக எழுதப்பட்டன. கோயில் மணி அடிப்பதற்குள் சவரியம்மாள் ஒரு சினிமாப் பாட்டைவிடச் சிறியவளாகிவிட்டாள். கம்பி அவளைச் சுலபமாக எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கியது. திருப்பூரில் லூர்து அவளை விரித்தான். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே எழுந்து நின்று, சேலையை உதறி, “இங்க மழை இல்லையா?” என்று கேட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. இது எப்படி முடிந்தது என்று நான் செபஸ்தியைக் கேட்டதில்லை. மலையிலும் யாரும் கேட்கவில்லை. டவுன்லோடு முடியும் என்றால் இதுவும் முடியும் என்று அவர்களுக்குப் பட்டது. மேலே சவரியம்மாளின் கொழுந்தன் வீட்டார் அவள் வீட்டைக் கழுவி, பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்தார்கள். வெள்ளையடிக்கிறவர்கள் வந்தார்கள்.

சில நாள் கழித்து லூர்து போன் செய்தான்.

“அண்ணே, அம்மா ஜெபமாலை சொல்றப்ப ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டு நிறுத்திடுது. மணி மணியா உருட்டவே மாட்டேங்குது.”

“ஒண்ணுதானடா அது. மிச்சமெல்லாம் அதேதான்.”

“கொழுந்து பறிச்ச காலமெல்லாம் ஒரே நாளாத்தான் ஞாபகம் இருக்குதாம். ‘ஒரு நாள் வேலைக்குப் போனேன், வீட்டைப் புடுங்கிட்டாங்க’ன்னு சொல்லுது.”

“வேற எதாவது குறையா இருக்கா?”

லூர்து யோசித்தான். “குறைன்னு சொல்ல முடியாதுண்ணே. முன்னெல்லாம் ஒரே புலம்பலைத் திரும்பத் திரும்பப் புலம்பும். இப்ப ஒவ்வொண்ணையும் ஒரு தடவைதான் புலம்புது. நிம்மதியாத்தான் இருக்கு.”

அது மலை முழுக்கப் பரவியது. ஓய்வுபெற்ற ஒவ்வொருவராகச் செபஸ்தியின் கடைக்கு வந்தார்கள். பிறகு ஓய்வுக்கு இன்னும் நாள் இருந்தவர்களும் வந்தார்கள். நடக்க முடியாதவர்களை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாலை சரியானது, பஸ் ஓடியது, ஆனாலும் யாரும் வயசானவர்களைப் பஸ்ஸில் ஏற்றவில்லை, வளைவுகளில் வாந்தி எடுப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். எஸ்டேட் ஆபீஸ் கடைக்குத் தனி மின் இணைப்பு கொடுத்தது. கோயில் உபதேசியார் கொஞ்ச நாள் யோசித்தார். இது சாவா பயணமா என்று தெரியாததால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஜெபம் எழுதிக்கொண்டார். யூனியன் தலைவர் கடைமுன் கொடி பிடித்து, தொழிலாளியைச் சுருக்காதே என்று ஒரு வாரம் கத்தினார். அடுத்த வாரம் தன் அம்மாவைக் கூட்டிவந்து, வரிசையில் முன்னால் விடச் சொன்னார். பேச்சுவழக்கும் மாறிற்று. “உங்க அப்பா இறங்கியாச்சா?” என்று குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள். “நேத்தே இறங்கிட்டார். சின்னதாத்தான் வந்தார். குடிக்கிறதைத் தவிர அவர்கிட்ட வேற என்ன இருந்துச்சு, அது ஒரே தடவைல முடிஞ்சுபோச்சு” என்றார்கள்.

அந்த நாளுக்கென்று சடங்கும் சேர்ந்துகொண்டது. இறங்குகிறவர்களுக்கு உச்சி குளிர நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவார்கள், இளநீர் கொடுப்பார்கள். மலையில் தென்னை கிடையாது. காய்கறி லாரியோடு பொள்ளாச்சியிலிருந்து இளநீர்க் குலைகள் மேலேறத் தொடங்கின. இதைச் சொல்லும்போது செபஸ்தி, அந்த வருடம் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் யாரும் உரம் போடாமலே கொழுந்து கறுத்துத் தழைத்ததாகவும் சொல்வார். மழை நல்ல மழை என்பார்.

கீழே போனவர்கள் சௌக்கியமாக இருந்தார்களா என்று ஒருமுறை கேட்டேன்.

“முதல்ல போனவங்களைத் திறந்தாங்க அண்ணே,” என்றார். “அப்புறம் திறக்கலை.”

திறக்க இடம் வேண்டும். சுருங்கியிருக்கும்வரை அம்மா ஒரு பாட்டளவு. விரித்தால் முழு ஆள். படுக்க வேண்டும், குளிக்க வேண்டும், வீட்டுக்காரர் தண்ணீருக்கு முனகுவார். லூர்துவின் அறையில் மற்ற மூன்று பேரும் வெளியேறி, அவன் வேலையும் போய், அம்மாவோடு பஸ் நிலையத்தில் படுத்திருந்ததாகச் செய்தி வந்தது. மறுபடி சுருக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டானாம். அதைக் கேட்ட மற்றவர்கள், பொங்கல் லீவுக்குத் திறக்கலாம், புதுவருடத்துக்குத் திறக்கலாம், வீடு பார்த்ததும் திறக்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். சம்பள நாளில் திரையில் அந்தச் சின்னப் படத்தைத் தொட்டுப் பார்த்து, இருக்கிறாள் என்று நிம்மதியானார்கள். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டை அந்த மலையின் பிள்ளைகளிடையே அதோடு ஒழிந்தது.

பிறகு அருளாயியின் முறை வந்தது.

செபஸ்தியும் அவளும் மட்டும்தான். அவள் வேலை ஓய்ந்தால் வீடு போகும். வீட்டோடு ஒட்டியிருந்த கடையும் போகும். செபஸ்திக்கு இந்த அச்சகத்தில் வேலை கிடைத்திருந்தது. தங்க, கம்போசிங் அறையில் ஒரு பெஞ்சு. சுண்ணாம்பு வாளிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் எல்லோரையும் இறக்கியவன் தன் அம்மாவை மட்டும் வைத்திருக்கிறான் என்று குழாயடியில் பேச்சு எழுந்தது; எங்கள் அம்மாக்கள் மட்டும் என்ன இளப்பமா என்று கித்தேரியே கேட்டாளாம்.

அதன்பிறகு அம்மாவோடு நடந்த பேச்சை அவர் எப்போதும் ஒரே மாதிரி சொல்வார், ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

“எல்லாரும் போயாச்சும்மா.”

“போகட்டும். நான் சுருங்குற ஆள் இல்லடா.”

“கீழே இடம் அமைஞ்சதும் திறந்துருவேன்.”

“அமையுற வரைக்கும்?”

“என் கழுத்துல கிடப்பே.”

“என் வயித்துல கிடந்தவன் என்னைக் கழுத்துல போட்டுக்கிறேங்கிற. சரி.” அருளாயி முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். “கித்தேரிகிட்ட நீ சொன்னதெல்லாம் என் காதுல விழுந்துச்சு செபஸ்தி. கல்லு பொறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இந்த இடத்தில் செபஸ்தி சிரிப்பார். அம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை என்பார். அடுத்த நாள் காலை மழை இல்லை. அருளாயி யாரும் கூப்பிடாமல் தானே வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகி, கேமராவைப் பார்க்காமல் மகனைப் பார்த்தாளாம். பிறகு மூன்று வாக்கியங்கள். எத்தனை வருடம் கேட்டாலும் அதே மூன்று.

“சுருக்கி முடிச்சேன். கழுத்துல போட்டேன். சாயந்திர பஸ்ஸுக்கு இறங்கிட்டேன்.”

நான் பிழை திருத்துகிறவன். ஒரு சொல் விடுபட்டிருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரிந்துவிடும். பேனா தானாக நிற்கும். அந்த மூன்று வாக்கியங்களில் ஒவ்வொரு முறையும் நின்றது. காலையில் உட்கார்ந்தாள், சாயந்திரம் பஸ். நடுவில் ஒரு பகல். ஆனால் நான் கேட்கவில்லை. அவர் வருந்துவார் என்று கேட்காமல் இருந்தேனா, கேட்டால் கதை நின்றுவிடும், மதியங்களில் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும் என்று கேட்காமல் இருந்தேனா, எனக்கே தெரியாது. அதைவிட எளிதான ஒன்றைச் செய்தேன். அவருக்கு இடம் தேடினேன்.

அச்சகத்து மாடியில் பழைய தாள் அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. முதலாளியிடம் பேசினேன், செபஸ்தி இருந்துகொள்ளட்டும் என்றார். கரையான் தின்ற கட்டுகளைக் கீழே தள்ளி, தரையைக் கழுவி, கட்டில் போட்டேன். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலை தெரிந்தது. அது அந்த அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். உட்கார வேண்டுமே என்று ஆபீசிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவரை மேலே கூட்டிப்போனேன். இத்தனை வருடம் சந்தேகித்ததற்கு எனக்கு அன்று விடை கிடைத்துவிடும் என்றும் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

செபஸ்தி வாசலோடு நின்றுவிட்டார்.

“இடம் அமைஞ்சாச்சு செபஸ்தி,” என்றேன். “இனி என்ன. திறங்க.”

அவர் கை கழுத்துக்குப் போயிற்று. பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டார். அறையைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை.

“அந்த நாற்காலி எதுக்கு அண்ணே?”

“அம்மா வந்தா உட்கார.”

“அதை வெளிய போட்டுருங்க.”

“நாற்காலிதானே.”

“போட்டுருங்கண்ணே. எண்ணெய் வாடை அடிக்குது.”

நான் குனிந்து முகர்ந்தேன். பிளாஸ்டிக் வாடைதான் அடித்தது. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ளும் சத்தம், தரை வழியாக ஏறி நாற்காலியின் கால்களில் நடுங்கிற்று. அது நீல நிறம் என்பதை அப்போதுதான் கவனித்தேன். சுருக்கினது புதுசா ஒண்ணு. பழசு அது இருந்த இடத்துலயேதான் கெடக்கும். அது தானா அழியாது. கித்தேரியிடம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது. மூலையில் அரிசியும் முறமுமாக உட்கார்ந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயும் இளநீருமாகவே கிழடுகளை முடித்துவிடும் ஊர்கள் உண்டு என்று கேட்டிருந்தும், முதலில் எண்ணெயா, முதலில் சுருக்கமா என்று இத்தனை வருடமும் நான் யோசிக்கவே இல்லை. மலையேறிய இளநீர்க் குலைகளையும், உரமில்லாமல் கறுத்துத் தழைத்த ஏழாம் நம்பர் காட்டையும், கழுவிப் பூட்டிக் கொடுத்த சாவிகளையும், அவர் சொன்ன அதே வரிசையில் மனம் மறுபடி ஒருமுறை வாசித்தது. இடறிய இடத்தில் இந்தமுறை நின்றது.

நாற்காலியின் முதுகில் கை வைத்தேன். அதை நகர்த்தவில்லை. அவர் கண்களைப் பார்த்து, இந்தக் கதையைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“சுருக்கி முடிச்சு அம்மாவைக் கழுத்துல போட்டுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தப்போ, அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது யாரு செபஸ்தி?”